கைமா மிஷினும் அந்தோணி மாமாவும்

மார்கழிக் காலையில் எங்கள் மலையில் இரும்பைத் தொட்டால் அது சுடும். குளிர்ச்சிதான், ஆனாலும் உள்ளங்கைக்கு அது சூடா குளிரா என்று கொஞ்ச நேரம் பிடிபடாது. அடுக்களை மேசையின் ஓரத்தில் திருகி மாட்டியிருந்த கைமா மிஷினின் கைப்பிடியை முதல் சுற்றுச் சுற்றும்போதெல்லாம் வெடுக்கென்று கையை எடுத்துவிடுவேன், பிறகு பாவாடை நுனியைச் சுற்றிக்கொண்டு மறுபடி பிடிப்பேன். அந்தக் குளிரோடு ஒரு வாசனையும் சேர்ந்து வரும்: பச்சைக் கொழுப்பு, இடித்த மிளகு, பூண்டு, எங்கள் ஊரில் எதைச் செய்தாலும் கூடவே வந்துவிடும் ஏலக்காய். நல்ல வாசனை என்றுதான் அந்த வயதில் நினைத்திருந்தேன். இப்போது எங்காவது அது வந்தால் என் வலது தோள் தானாக இறுகிக்கொள்கிறது.

பன்றிக்கறியில் சாசேஜ் செய்வது எப்படி என்று தெரிந்துகொள்ள இதைப் படிக்க உட்கார்ந்தவர்கள் பாதியில் எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை. நான் சொல்ல வருவது, அந்த மிஷினின் வாய்க்குள் ஒரு வெடி கிடக்கிறதா இல்லையா என்று தெரியாமல் நானும் அம்மாவும் அதன் இரண்டு பக்கமும் நின்றிருந்த ஒரு காலைப்பொழுதைப் பற்றி. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அப்பா சாந்தன்பாறைக்குப் பக்கத்தில் ஓர் ஏலத் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்தார், தோட்டத்து லயத்தில், வேலைக்காரர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில், கடைசி வீடு எங்களுடையது.

அம்மா கல்யாணத்துக்கு முன்பிருந்தே தோட்டத்து பங்களாவில் சமையலுக்குப் போய்க்கொண்டிருந்தவள். அங்கே இருந்த மேனேஜரம்மா எந்த நாட்டுப் பழக்கத்தையோ கற்றுக்கொண்டு வந்தவர், காலையில் ரொட்டியோடு சாசேஜ் இல்லாவிட்டால் அவருக்கு இறங்காது. கறியை அரைத்து, மசாலா பிசைந்து, கழுவிய குடலுக்குள் அடைத்து, முழத்துக்கு முழம் முறுக்கித் தொங்கவிடுவதை அம்மா அவரிடம்தான் பார்த்துப் பழகினாள். அவர்கள் ஊரைவிட்டுப் போனபோது தூக்கிக்கொண்டு போக முடியாத பொருள்களில் ஒன்றாக இந்த மிஷினை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். தலைச்சுமையாக அதைக் கொண்டுவந்து இறக்கிய அன்று அப்பா, "இத வச்சி என்ன செய்யப் போற, ஆலையா நடத்தப் போற" என்று கேட்டார். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்குச் சாசேஜ் தின்ற பிறகு அவர் அப்படிக் கேட்கவில்லை. லயத்தில் அதற்கு 'அடைச்ச குடல்' என்று பேர் வைத்துச் சிரித்தார்கள், சிரித்தபடியே கிண்ணத்தையும் நீட்டினார்கள்.

வருஷத்துக்கு ஒருமுறைதான் செய்வாள், அதுவும் மார்கழியில் மட்டும். எங்களிடம் ஃப்ரிட்ஜ் கிடையாது. அரைக்கும்போது கறியும் கொழுப்பும் விறைத்திருக்க வேண்டும், அதற்கு மலைக் குளிர்தான் ஃப்ரிட்ஜ். முந்தின நாளே பன்றி வெட்டிப் பங்கு பிரித்து, எங்கள் பங்குக் கொழுப்பைத் துண்டு போட்டு அலுமினியச் சட்டியில் நிரப்பி, மேலே தட்டை மூடிக் கல்லை வைத்து, பின்வாசல் படியில் மஞ்சு என்று நாங்கள் சொல்லும் மூடுபனி விழும் இடத்தில் வைத்துவிடுவாள். விடிந்ததும் தொட்டுப் பார்ப்பாள். "கொழுப்பு கல்லு மாதிரி இருக்கணும்ட்டி. இளகிச்சின்னா மிஷின் அரைக்காது, அப்பிக்கிடும்" என்பாள். கைப்பிடி சுற்றுவது என் வேலை. அதற்கும் அவளிடம் ஒரு வசனம் உண்டு: "ஒரே சீராச் சுத்து. அது நின்னா நீயும் நின்னுரு." அது நின்றால் நான் நிற்கமாட்டேன். இரண்டு கையாலும் தொங்கி ஒரு அழுத்து அழுத்தினால் அநேகமாக ஓடிவிடும் என்பது நானாகக் கண்டுபிடித்த வித்தை.

இனி அந்தோணி மாமா. அம்மாவுக்கு ஒரே தம்பி, அவளைவிட ரொம்ப இளையவர், அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டால் மாமா வந்திருக்கிறார் என்று அர்த்தம். என்னைத் "தாயி" என்றுதான் கூப்பிடுவார். தோட்ட வேலை பிடிக்காமல், எங்கள் லயத்துக்குக் கீழே சரிவில் கொஞ்சம் நிலத்தைப் பாட்டத்துக்கு எடுத்துக் கப்பை போட்டிருந்தார். மரவள்ளிக்கு எங்கள் பக்கம் கப்பை என்றுதான் பேர், மலையாளத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட சொல். அது கிழங்கு பிடிக்கும் காலத்தில் காட்டுப்பன்றி இறங்கும். மாமா குடிசை போட்டுக் காவல் இருந்தார், தகரம் தட்டினார், பழைய சேலையெல்லாம் வேலியில் கட்டினார். பன்றிகள் கட்டிய சேலையை மிதித்துக்கொண்டு உள்ளே போய் ஒரு வருஷத்து உழைப்பை உழுது போட்டுவிட்டுப் போயின. அதற்கப்புறம்தான் அவர் எங்கிருந்தோ, யாரிடமோ, அவுட்டுக்காய் செய்யக் கற்றுக்கொண்டு வந்தார்.

அவுட்டுக்காய் என்றால் என்ன என்று மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடித்தால் வெடிக்கிற உருண்டை. உள்ளே என்ன இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விடமாட்டார்கள். வெளியே பன்றி விரும்பித் தின்கிற கொழுப்பைப் பொதிந்து நடமாட்டமுள்ள தடத்தில் வைப்பார்கள். பன்றிக்கு வைத்தது பன்றிக்குத்தான் போகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அந்த ஐப்பசியில் ஏலக்காட்டு ஓரமாக ஒரு நாய் தாடை இல்லாமல் நடந்து வந்தது. யாரும் கிட்டே போகவில்லை. அது எங்களையெல்லாம் பார்த்தபடி தண்ணீர்த் தொட்டிவரைக்கும் போய், குடிக்கப் பார்த்து, முடியாமல் படுத்துக்கொண்டது.

அன்று அப்பா மாமாவைத் திட்டியதுபோல யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. "ஃபாரஸ்ட்காரன் புடிச்சா நீ மட்டுமா போவ? எனக்கு வேலை போவும். வேலை போனா இந்த வீடு போவும். இனி அந்தச் சனியன என் வாசப்படிக்குக் கொண்டாந்தா மச்சினன்னு பாக்கமாட்டேன்" என்றார். மாமா தலையாட்டினார். ஆனால் அம்மாவின் மனசு வேறு கணக்குப் போட்டது. தம்பியின் கப்பை போனால் அவன் எதைத் தின்பான் என்பது அவள் கவலை. பன்றி வெட்டும்போதெல்லாம் அப்பாவுக்குத் தெரியாமல் மாமாவுக்குக் கொழுப்பு எடுத்துக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை அது. அப்பா விடியும் முன்பே ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் போய்விட்டார். நான் முகம் கழுவப் பின்வாசலுக்கு வந்தபோது மாமா படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார், முன்னால் ஒரு வாழையிலை, பக்கத்தில் அம்மாவின் கொழுப்புச் சட்டி தட்டு திறந்தபடி. மஞ்சில் அவர் முதுகுதான் தெரிந்தது. என் காலடிச் சத்தம் கேட்டதும் இலையை உடம்பால் மறைத்துக்கொண்டு, "உள்ள போ தாயி, பனி விழுது" என்றார். குரலில் வழக்கமான விளையாட்டு இல்லை. நான் உள்ளே போய்விட்டேன்.

கொஞ்சம் வெளிச்சம் வந்ததும் அம்மா சட்டியை உள்ளே எடுத்து வந்தாள். முதலில் கறியை அரைத்தோம். மிஷினின் சல்லடை வழியாகச் சிவப்புப் புழுக்களாக அது இறங்கி வருவதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு குரூரமான சந்தோஷம் உண்டு. அடுத்தது கொழுப்பு. அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி மிளகு வறுத்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு கையால் சட்டியிலிருந்து அள்ளி அள்ளி மிஷின் வாயில் போட்டு, கட்டையால் அழுத்தி, மறு கையால் சுற்றினேன். பார்த்துப் போடும் பழக்கமெல்லாம் எனக்கு இல்லை. விறைத்த கொழுப்பு எல்லாம் ஒரே மாதிரி வெள்ளை, ஒரே மாதிரி உருண்டை. இப்படிச் சுற்றிக்கொண்டிருக்கும்போது மிஷின் நின்றது. கைப்பிடி உச்சியில் இருந்தது. நான் என் வித்தைப்படி இரண்டு கையையும் கொடுத்து ஒரு அழுத்து அழுத்தினேன். நகரவில்லை. உள்ளே ஏதோ கெட்டியாக முட்டி நிற்பது கைக்குத் தெரிந்தது. இன்னொரு அழுத்துக்கு மூச்சுப் பிடித்தபோது மாமா பின்வாசலில் வந்து நின்றார்.

"அக்கா."

அம்மா திரும்பவில்லை. "டீ அடுப்புல இருக்கு. ஊத்திக்க."

"அந்தக் கொழுப்புச் சட்டிய எப்பக்கா உள்ள எடுத்த?"

"வெளிச்சம் வரவுமே எடுத்தாச்சி. எதுக்கு?"

மாமா படியைத் திரும்பிப் பார்த்தார். "நா பொதிஞ்சி வச்சதுல ஒண்ணு குறையுது."

அம்மாவின் கை வறுப்பதை நிறுத்தியது. "எங்க வச்சிப் பொதிஞ்ச?"

"இங்கதாங்க்கா, படியில. சட்டிக்குப் பக்கத்துல வச்சித்தான்…"

அப்போதுதான் நான், எதுவும் புரியாமல், வாயைத் திறந்தேன். "அம்மா, மிஷின் நிக்கிது. உள்ள கல்லு மாதிரி என்னமோ இருக்கு."

அம்மா திரும்பிய முகத்தை நான் சாகும்வரை மறக்கப் போவதில்லை. பயந்த முகம் இல்லை அது. பயத்தை எங்கோ தூக்கி வைத்துவிட்டு வந்த முகம். அடுப்பிலிருந்து சட்டியை இறக்கினாள், சத்தமில்லாமல் தரையில் வைத்தாள், என்னிடம் வந்தாள்.

"ஆட்டாத. முன்னயும் வேண்டாம், பின்னயும் வேண்டாம். அப்படியே நில்லு."

நின்றேன். நிற்பது சாதாரண விஷயமில்லை என்பது உடனே தெரிந்துவிட்டது. அந்தக் கைப்பிடி முழு இரும்பு, முனையில் மரக்குமிழ் வேறு. உள்ளே முட்டி நிற்பது கொஞ்சம் இளகினாலும் போதும், உச்சியில் இருக்கும் அது தன் கனத்திலேயே கீழே விழும், விழும்போது உள்ளே இருக்கிற திருகையும் சேர்த்துச் சுற்றும். திருகு சுற்றினால் உள்ளே கிடப்பது கத்தியில் போய் நசுங்கும். கட்டி வைக்கலாமே என்று கேட்பீர்கள். கட்ட மேலே கொக்கி இல்லை, கயிறு போட்டு இழுத்தால் அந்தப் பழைய மேசையே ஆடும். ஓர் ஆள் பிடித்துக்கொண்டு நிற்பது ஒன்றுதான் வழி. அம்மா பிடித்தால் உள்ளே கிடப்பதை எடுக்க ஆள் இல்லை, அந்த ஆள் அப்போதைக்கு நானாக இருந்தேன்.

அம்மா வாசலைப் பார்த்துச் சொன்னாள்: "அந்தோணி, வந்து இதப் புடி. புள்ள வெளிய போவட்டும்."

மாமா ஒரு காலை நிலைப்படிக்கு உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்திருந்தார். "நா போயி அத்தானக் கூட்டியாரேங்க்கா" என்றார்.

"அவரு வந்து என்ன செய்வாரு? செஞ்சவன் நீ. உனக்குத்தான தெரியும். வா, புடி."

"இந்தா, இப்ப வந்திருதேன்" என்றார் மாமா. உள்ளே இருந்த கால் வெளியே போனது. படியில் செருப்புச் சத்தம் கேட்டது, பிறகு சரிவில் சருகுச் சத்தம், பிறகு அதுவும் இல்லை.

அம்மா மிஷின் பக்கம் திரும்பினாள். நான் அழத் தொடங்கியிருந்தேன். அழுதால் உடம்பு குலுங்கும், குலுங்கினால் கை ஆடும் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "தோளக் குடுத்துத் தாங்கு. கையில புடிச்சா கை கடுக்கும்" என்று என்னை நகர்த்தாமல் கைப்பிடிக்குக் கீழே என் வலது தோளைப் பொருத்தினாள். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து மேசைமேல் வைத்தாள். பிறகு மிஷினின் வாய்க்குள் இரண்டு விரலை விட்டு மேலாக இருந்த கொழுப்புத் துண்டை எடுத்து, நசுக்காமல், முட்டை உருட்டுவதுபோல உருட்டிப் பார்த்து, தண்ணீருக்குள் விட்டாள். அடுத்ததை எடுத்தாள்.

"மத்தியானத்துக்கு ரசம் வைக்கட்டா, புளிக்குழம்பு வைக்கட்டா?" என்று கேட்டாள்.

நான் மூக்கை உறிஞ்சினேன்.

"கேக்கேன்லா? சொல்லு."

"ரசம்."

"ரசத்துக்குத் தொட்டுக்க?"

"அப்பளம்."

"அப்பளம் இல்ல. தொவையல் அரைக்கேன்." அவள் விரல்கள் ஒரு தடவைகூட அவசரப்படவில்லை. பள்ளிக்கூடத்தில் யார் யார் புதுச் சட்டை எடுத்திருக்கிறார்கள், என் சிவப்பு ரிப்பனை எங்கே தொலைத்தேன், பங்குச் சாமியாருக்கு இருமல் நின்றதா என்று கேட்டுக்கொண்டே போனாள். நான் பதில் சொல்லிக்கொண்டே நின்றேன். குமிழ் தோள் எலும்பில் ஏறி உட்கார்ந்துவிட்டது. வலி முதலில் நெருப்பாக இருந்தது, அப்புறம் தோளே இல்லாததுபோல ஆகிவிட்டது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது, எப்போது நழுவினாலும் எனக்குத் தெரியப் போவதில்லை. இவ்வளவு பேச்சுக்கும் நடுவில் வெளியே மாமாவும் அப்பாவும் ஓடி வரும் சத்தம் கேட்கிறதா என்று நாங்கள் இருவருமே காது கொடுத்துக்கொண்டுதான் இருந்தோம். ஸ்டோர் லயத்துக்கு மேலே கொஞ்ச தூரம்தான். வரவில்லை.

வாய் காலியானதும் திருகு தெரிந்தது. அதன் இடுக்கில், கத்தியை ஒட்டி, ஒன்று உட்கார்ந்திருந்தது. கொழுப்பு மூடிய, உருண்டையான ஒன்று. அம்மா அதை விரல் நுனியால் தொட்டாள். கெட்டியாக இருந்திருக்கிறது, அவள் கண்ணிமை அசைந்ததில் தெரிந்தது. பேச்சு நின்றது. எங்கள் இருவரின் மூச்சுத்தான் புகையாக எழுந்துகொண்டிருந்தது. அவள் சிலுவைக்குறி போடவில்லை, அதற்கு ஒரு கை வேண்டும், இரண்டு கையும் உள்ளே இருந்தன. ஒரு கையால் திருகை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையின் சுண்டுவிரலைப் பின்னால் கொடுத்து, நெல்லுக்குள்ளிருந்து கல் பொறுக்குவதுபோல அதை மெதுவாக மேலே கொண்டுவந்தாள். தண்ணீருக்குள் வைத்துக் கொழுப்பைத் தடவி எடுத்தாள்.

மூட்டுக் குருத்தெலும்பு. சுற்றிலும் ஜவ்வு. வெட்டியவர் பார்க்காமல் விட்ட, நான் பார்க்காமல் போட்ட சாதாரண எலும்புத்துண்டு.

அம்மா கைப்பிடியை என் தோளிலிருந்து வாங்கி மெல்லக் கீழே இறக்கினாள். அதற்குப் பிறகு என் முதுகில் பளாரென்று ஓர் அறை விழுந்தது. "எலும்பு பாத்துப் போடு, எலும்பு பாத்துப் போடுன்னு எத்தன மட்டம் சொல்லியிருக்கேன்" என்றாள். அறைந்த கையாலேயே என்னை இழுத்து வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு சட்டியில் மீதமிருந்த கொழுப்பு முழுவதையும், என்னை முன்வாசலுக்கு அனுப்பிவிட்டு, ஒவ்வொரு துண்டாக உருட்டிப் பார்த்திருக்கிறாள். தூக்கிப் போடவும் முடியாது. போட்டால் நாய் தின்னும், புதைத்தால் பன்றி தோண்டும், எரிப்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். கடைசித் துண்டுவரை பார்த்தும் அது இல்லை.

அப்பா மத்தியானம் சாப்பாட்டுக்குத்தான் வந்தார், வழக்கம்போல, நிதானமாக. அம்மா அவர் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அந்தோணி உங்களக் கூப்புட வந்தானே?"

"எங்கிட்டயா? வரலியே. என்ன விஷயம்?"

"வழி மாறிப் போயிருப்பான்" என்றாள் அம்மா. லயத்திலிருந்து ஸ்டோருக்கு இருப்பது ஒரே வழி. அன்று மதியம் பூப்பாறை முக்கில் மாமா போடி பஸ்ஸில் ஏறியதைப் பார்த்ததாகச் சாயந்தரம் ஓர் ஆள் வந்து சொன்னார்.

அம்மா நடந்ததைச் சொன்னாள். மாமா விட்டுப்போன மற்ற உருண்டைகளை அப்பா எங்கே கொண்டுபோய் என்ன செய்தார் என்று கடைசிவரை சொல்லவில்லை. குறைந்துபோன அந்த ஒன்றைத் தேடிப் பின்வாசலிலிருந்து கப்பைக் காடுவரை சரிவு முழுக்கக் கம்பால் புல்லை விலக்கி விலக்கிப் போய்ப் பார்த்தார். கிடைக்கவே இல்லை. "எண்ணுனதுல தப்பியிருப்பேன்" என்று போடியிலிருந்து மாமா ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். அப்படியும் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அந்த வருஷம் முழுக்க நாங்கள் யாரும் நடைபாதையைவிட்டு ஓரடி விலகி நடக்கவில்லை. எங்காவது பட்டென்று ஒரு விறகு வெடித்தால்கூட அம்மா எங்களை எண்ணுவாள்.

சாசேஜை அம்மா செய்து முடித்தாள், வீணாக்க மனமில்லை. கிறிஸ்துமஸ் அன்று வாட்டித் தட்டில் வைத்தாள். யாரும் கை வைக்கவில்லை. அப்பா ஒரு துண்டை எடுத்துக்கொண்டு எழுந்து, வீட்டுக்குப் பின்னால் தனியாகப் போய் நின்று கடித்துத் தின்றுவிட்டு வந்து, "ஒண்ணுமில்ல, சாப்பிடுங்க" என்றார். நாங்கள் சாப்பிட்டோம். முன்பல்லால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்து அரை நாள் சாப்பிட்டோம். அதன்பிறகு எங்கள் வீட்டில் அது செய்யப்படவில்லை.

மாமா அப்புறம் எங்கள் ஊர்ப் பக்கம் வரவே இல்லை. போடியில் ஓர் ஏலக்காய் கோடவுனில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே கல்யாணம் கட்டிக்கொண்டார், பிள்ளைகளும் பிறந்தார்கள். நான் பெரியவளானபோது தாய்மாமன் சீராகப் பட்டுப்பாவாடையும் வளையலும் பஸ் கண்டக்டர் கையில் வந்து சேர்ந்தன. என் கல்யாணத்துக்குத் தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பியை நிறுத்தினோம். மாமா போடியிலிருந்து கிளம்பி, போடிமெட்டுவரை வந்து, டீக்கடையில் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்கு அவர்மேல் கோபம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ரொம்ப நாள் இருந்தது. பிறகு எனக்கே பிள்ளைகள் பிறந்து, பயம் என்றால் என்னவென்று உடம்புக்குத் தெரிந்தபோது அது குறைந்துபோயிற்று. அம்மா மட்டும் ஒரு நாளும் அவரைக் குறை சொன்னதில்லை. யார் பேச்செடுத்தாலும், "அவன் அவரக் கூப்புடத்தான் போனான்" என்பாள். அதற்கு மேல் பேசவிடமாட்டாள்.

இப்போது அந்த லயம் இல்லை. தோட்டம் கைமாறி, லயத்தை இடித்து, சரிவு முழுக்கக் கண்ணாடி ஜன்னல் வைத்த சிறு சிறு வீடுகளாகக் கட்டிச் சுற்றுலாக்காரர்களுக்கு விடுகிறார்கள். ஒரு தடவை போய்ப் பார்த்தேன். மாமாவின் கப்பைக் காடு இருந்த இடத்தில் புல்தரை போட்டு, யார் யார் வீட்டுக் குழந்தைகளோ உருண்டு விளையாடிக்கொண்டிருந்தன. எத்தனையோ மழை பெய்துவிட்டது, எதுவானாலும் மண்ணாகியிருக்கும் என்று புத்திக்குத் தெரிகிறது. ஆனாலும் அங்கே என்னால் நிற்க முடியவில்லை. மிஷின் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் குமுளியில் மிளகு, ஏலக்காய் விற்கும் சிறு கடை வைத்திருக்கிறேன், அம்மா என்னோடு இருக்கிறாள்.

போன மாதம் மாமா இறந்துவிட்டதாகப் போடியிலிருந்து போன் வந்தது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவரை அன்றைக்குப் பிறகு அப்போதுதான் பார்க்கிறேன், முடியெல்லாம் நரைத்து, யாரோ ஒரு வயசாளியாகப் படுத்திருந்தார். அம்மா அழவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்து அவர் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே இருந்தாள். அடக்கம் முடிந்து தேனி வந்து, கம்பம் வழியாகக் குமுளி போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். சின்னமனூர் தாண்டும்வரை அவள் டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்தாள்.

"ஏட்டி" என்றாள் பிறகு. "அன்னைக்கி நா மிஷினப் பாத்துட்டு நின்னேன். நீதான் வாசலப் பாத்து நின்ன. போவும்போது அவன் திரும்பிப் பாத்தானா?"

இத்தனை வருஷமாக என்னிடம் அவள் கேட்காத கேள்வி. மாமா திரும்பிப் பார்க்கவில்லை. படியில் ஒரு செருப்பு கழன்று விழுந்தது, அதை எடுக்கக்கூடக் குனியவில்லை, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நேராக மஞ்சுக்குள் போனார். அதை எப்படிச் சொல்வேன், தம்பியை மண்ணில் வைத்துவிட்டு வருகிறவளிடம்?

"பாத்தாரும்மா" என்றேன். "வேலிகிட்ட நின்னு, நம்மளப் பாத்துட்டுத்தான் போனாரு."

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறுதல் வரும் என்று காத்திருந்தேன்.

"பாத்தானா?" என்றாள். "திரும்பிப் பாத்திருக்கமாட்டான்னுல்லா இத்தன வருஷமா நெனச்சிட்டிருந்தேன். பாத்திருந்தா, நீ அதப் புடிச்சிட்டு நிக்கிதத மறுபடி கண்டிருந்தா, வந்திருப்பான்னு." ஜன்னல் பக்கம் திரும்பினாள். "பாத்துட்டுமா போனான்?"

பொய் சொன்னேன் என்று சொல்லிவிடலாம். ஆனால் இனிமேல் அந்த உண்மையைத்தான் அவள் பொய் என்று நினைப்பாள். லோயர் கேம்ப் தாண்டி வண்டி மலை ஏற ஆரம்பித்தது. அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள், குமுளியில் இறங்கும்வரை என் பக்கம் திரும்பவில்லை.